ஞாயிற்றுக்கிழமையும் ஒரு போத்தலும்



ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு நாள் என்று கேட்டால், வீட்டிலுள்ள ஆண்மக்கள் சற்றும் தயங்காமல் "எல்லோருக்குந்தான்" என்று விடையளிப்பார்கள். அதே வினாவை மலைநாட்டுத் தோட்டமொன்றில் வாழும் பெண்மணியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஆறு நாளும் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறியவளுக்கு ஏழாம் நாளில் வீட்டு வேலையே ஒரு மலையாகக் காத்திருக்கிறது. பீலியடியில் வாரத்துத் துணிமணிகள். அடுப்பங்கரையில் தீர்ந்துபோன விறகு. பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்கு. பிறகு டவுனுக்குப் போய் வாரச் சாமான். இவ்வளவுக்கும் நடுவில் காலைக்கு ரொட்டி, பகலுக்குச் சோறும் கறியும் என்று இரண்டு முறை சமையலும் செய்தாக வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? காலை ஒன்பது மணிப் பசிக்குப் பிள்ளைகளிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, பத்தரை மணியளவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வயிறார உண்பது. அடுத்த வேளையை மாலையில் பார்த்துக்கொள்வது. ஆங்கிலேயர் இதற்கு 'பிரன்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் இதனை வற்புறுத்திக் கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவெல்லாம் களித்துவிட்டுப் பிந்தி எழுகிறவர்களுக்கு இது மிகவும் ஏற்றது என்பது அவருடைய வாதம். நமக்கு அந்தக் காரணம் பொருந்தாது. நாம் சனிக்கிழமையும் நேரத்தோடு உறங்கி, ஞாயிற்றுக்கிழமையும் விடியலில் எழுகிறவர்கள். ஆயினும் ஒரு சமையல் குறைந்தால் ஒன்றரை மணி நேரம் மிஞ்சுகிறது; விறகும் மிஞ்சுகிறது. காரணம் வேறானாலும் பயன் நல்லதே.

இதை எழுதத் தூண்டியது ஒரு கடிதம். ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பில் உணவுக் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு போத்தல் 'சலாட் டிரெஸிங்' வாங்கி வந்தாராம். பச்சைக் காய்களின் மேலும் இலைகளின் மேலும் ஊற்றி உண்ணும் புளிப்புச் சாறு அது. ஆசிரியைக்கு அதைச் செய்து பார்க்க ஆவல். ஆனால் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்தெடுத்து வரும் தாயாரோ போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சைத் தழையைத் திங்கிறதுக்கு நாம என்ன ஆடா, புள்ள?" என்று கேட்டுவிட்டாராம்.

கடிதம் அத்துடன் முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். கடைசிப் பத்தியில் அந்தச் சகோதரி இப்படி எழுதியிருந்தார்: "அம்மாவுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் மலையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கீரையும் காய்கறியும் முட்டையும் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். அவரோ காலையில் ரொட்டியும் தேத்தண்ணீரும், பகலில் ரொட்டியும் தேத்தண்ணீரும் என்றே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அவர் நன்றாகச் சாப்பிட வழி சொல்லுங்கள்."

சகோதரிகளே, இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என் சிறு வயது நினைவுக்கு வந்தது. என் பெரியப்பா ஒரு துரை பங்களாவில் சமையற்காரராக இருந்தார். பங்களாத் தோட்டத்தில் சலாதிலையும் கரட்டும் பீட்ரூட்டும் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றை நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள் நம்மவர்கள். மேசைக்குக் கொண்டுபோய் வைத்தவரும் நம்மவரே. அவர் எப்போதாவது எங்கள் காம்பராவுக்கு வரும்போது, கழுவித் துடைத்த வெற்றுப் போத்தல் ஒன்றைக் கொண்டு வருவார். என் தாயார் அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைப்பார். போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் இருந்தது ஒரு நாளும் வந்ததில்லை. பச்சைக் காய்கறி உணவு 'பங்களாச் சாப்பாடு' என்னும் எண்ணம் நம் தாய்மாரின் மனத்தில் எப்படி ஊன்றியது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

உண்மையில் இந்தக் காய்கறிகள் இந்த மலைக்கு வந்த கதையும் ஏறக்குறைய நம்முடைய கதையின் வயதுதான். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேற்றமொன்றை அமைத்து, இங்கிலாந்திலிருந்து உழவர்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து பயிரிட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியது 1867இல். அதாவது, தேயிலைத் தோட்டம் தோன்றுமுன்னரே ஐரோப்பிய மரக்கறி இங்கே வேரூன்றிவிட்டது. இன்று கந்தப்பளை, இராகலை, நானுஓயாப் பக்கங்களில் மலைச்சரிவெங்கும் லீக்ஸும் கோவாவும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளைந்து, லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. நாட்டுக்கு மரக்கறி ஊட்டும் மலையில் வாழ்கிற நம் பிள்ளைகளின் நிலையோ வேறு. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். கூலியும் விலைவாசியும் இதற்குப் பெருங்காரணங்கள். அவற்றைச் சமையற்கட்டில் தீர்த்துவிட முடியாது. ஆயினும் சமையற்கட்டில் செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவதும் முறையன்று.

இனி அந்தப் போத்தலைத் திறப்போம். அதற்குள் இருப்பது எண்ணெய், வினாகிரி, உப்பு, சீனி, கொஞ்சம் கடுகு. வெண்மையாய்க் குழைவாய் இருந்தால் முட்டைக் கருவும் சேர்ந்திருக்கும். எண்ணெயும் வினாகிரியும் தாமாக ஒன்று சேரமாட்டா. கடுகும் முட்டைக் கருவும் இடையில் நின்று இரண்டையும் பிணைத்து வைக்கின்றன. நியூயோர்க் நகரில் கடை வைத்திருந்த ரிச்சட் ஹெல்மன் 1912 அளவில் இவ்வகைக் குழைவைக் கண்ணாடிச் சாடியில் அடைத்து விற்றார். இங்கிலாந்தில் ஹைன்ஸ் நிறுவனம் 1914இல் 'சலாட் கிரீம்' என்று போத்தலில் கொண்டு வந்தது. நம் துரைமார் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

இப்போது ஆசிரியையின் தாயாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் வல்லாரையைப் பச்சையாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, உப்பிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து சம்பல் செய்கிறீர்களே, அது என்ன? பச்சைத் தழைதான். தேங்காய் எண்ணெய்ப்பசையைத் தருகிறது. எலுமிச்சை புளிப்பைத் தருகிறது. உப்பு சுவையைத் தருகிறது. போத்தலில் உள்ள எண்ணெய்க்கும் வினாகிரிக்கும் உப்புக்கும் அதே வேலைதான். துரை மேசையில் சலாட். நம் வீட்டில் சம்பல். பெயர்தான் வேறு. ஆகையால் ஆடு என்று உங்களை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஐந்து பேர் உண்ணத்தக்க ஞாயிற்றுக்கிழமைத் தட்டொன்றை இங்கே தருகிறேன்.

வேண்டிய பொருள்கள்: கொண்டைக்கடலை 200 கிராம், உருளைக்கிழங்கு அரைக் கிலோ, முட்டை ஐந்து, கரட் இரண்டு, போஞ்சி ஒரு பிடி, லீக்ஸ் ஒன்று, வெள்ளைப் பகுதி மட்டும், சலாதிலை ஒரு கட்டு, தக்காளி இரண்டு, சிறு வெங்காயம் ஐந்தாறு, நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் ஒன்று, போத்தற் சாறு ஐந்து மேசைக்கரண்டி. இவற்றோடு வழக்கமான ரொட்டி, ஆளுக்கு ஒன்று.

செய்முறை: கடலையைச் சனிக்கிழமை இரவே ஊறவைத்துவிடுங்கள். விடியற்காலைத் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டும்போது, அதே அடுப்பில் கடலையை ஏற்றிவிட்டு நீங்கள் பீலிக்குப் போகலாம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை ஒன்று இருந்தால் போதும்.

துணி துவைத்து வந்தபின், கிழங்கைத் தோலோடு கழுவி இரண்டாக வெட்டி வேகவையுங்கள். பத்து நிமிடம் சென்றதும், நன்றாகக் கழுவிய முட்டைகளையும் அதே பாத்திரத்தில் மெதுவாக இறக்குங்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் அச்சாகும் சமையற் புத்தகத்தின் கணக்கு நம் மலைக்குச் சரிவராது. கடல் மட்டத்தில் நீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் 96 பாகையளவில். கொதிக்கிறதே என்று இறக்கிவிட்டால் உள்ளே வெந்திராது. முட்டைக்குப் பத்து நிமிடம் என்று புத்தகம் சொன்னால், நாம் பதின்மூன்று நிமிடம் விட வேண்டும். கிழங்கைக் குச்சியால் குத்திப் பார்த்தே இறக்க வேண்டும்.

இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னதாக, அரிந்த போஞ்சியையும் மெல்லிய வளையங்களாக நறுக்கிய லீக்ஸையும் அந்தக் கொதிநீரில் போட்டு எடுத்துவிடுங்கள். போஞ்சி சற்று மெதுவாக வேண்டுமானால் மூன்று நான்கு நிமிடம் விடலாம். லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவிய பின்னரே நறுக்குங்கள். நெத்தலியைத் தலை கிள்ளிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மொறுமொறுப்பாகப் பொரித்துக்கொள்ளுங்கள். மச்சம் உண்ணாத வீடுகளில் இதை விட்டுக் கடலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

அகலமான தட்டில் முதலில் சலாதிலை, அதன்மேல் ஆறிய கிழங்குத் துண்டுகள், கடலை, போஞ்சி, லீக்ஸ், துருவிய கரட், வில்லையாக்கிய தக்காளி, பாதியாக வெட்டிய முட்டை. எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். உண்ணும் தறுவாயில் போத்தற் சாற்றை மேலே ஊற்றி, நெத்தலியையும் வெங்காயத்தையும் தூவிப் பரிமாறுங்கள். சாற்றை முன்னதாக ஊற்றினால் இலை துவண்டுவிடும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பச்சைக் கரட்டைத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அவித்து மசித்துக் கொடுங்கள். கடலையையும் அவ்வாறே மசித்துவிடுங்கள்.

போத்தல் கிடைக்காத வீடுகள் கவலைப்பட வேண்டாம். பழைய ஜாம் போத்தல் ஒன்றில் ஆறு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி அல்லது எலுமிச்சஞ்சாறு, அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு, அரைத் தேக்கரண்டி சீனி, அதே அளவு உப்பு, கொஞ்சம் மிளகுதூள் போட்டு, மூடியை இறுக மூடி நூறு எண்ணும்வரை குலுக்குங்கள். அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் மட்டும் இதற்கு ஆகாது. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது நுவரெலியாவில் காலைதோறும் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்குகிற உங்களுக்குத் தெரியாததன்று. குளிர்ந்த காய்களின் மேல் அது மெழுகுபோலப் படியும். நல்லெண்ணெயே ஏற்றது. மணம் தூக்கலாகத் தோன்றினால், பாதி நல்லெண்ணெயும் பாதி சோயா எண்ணெயுமாகக் கலந்துகொள்ளலாம்.

இப்போது எச்சரிக்கைகள். இவற்றைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

முதலாவது தண்ணீர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தழையில் பிறப்பதில்லை. அதைக் கழுவிய நீரில் வருகின்றன. ஓடையிலிருந்தோ மூடாத தாங்கியிலிருந்தோ வரும் நீராயின், காய்ச்சி ஆறிய நீரில் இலையிலையாகப் பிரித்துக் கழுவுங்கள். அதற்கு வசதியில்லாத நாளில் சலாதிலையை விட்டுவிட்டு, கோவாவையும் கரட்டையும் மெல்லியதாக அரிந்து ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்துச் செய்யுங்கள். சுவை குறையாது, அச்சமும் இராது. மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவி, கோவாவின் வெளி மடல்களைக் களைந்தால், மேலே படிந்ததில் ஒரு பகுதி போகும், முழுவதும் போகாது. ஆகவே, லயத்தின் பின்புறத்தில் நான்கு முழ நிலமிருந்தால் சலாதிலையை நீங்களே விதையுங்கள். நம் குளிருக்கு அது ஐம்பது அறுபது நாளில் பறிக்கத் தகுதியாகிவிடும்.

இரண்டாவது போத்தல். திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் 'மலைக் குளிர் போதும்' என்று நம்பிவிடாதீர்கள். அடுப்பங்கரை குளிராய் இருப்பதில்லை. ஆகச் சிறிய போத்தலாக வாங்கி, அடுத்த காம்பராக்காரரையும் அழைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். பச்சை முட்டையை அடித்து வீட்டில் குழைவு செய்யும் முயற்சியையும் தவிருங்கள். சாறு ஊற்றிய காய்கள் மிஞ்சினால் மறுவேளைக்கு வைக்காதீர்கள். போத்தலில் உப்பும் கொழுப்பும் சீனியும் எவ்வளவு என்பதைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் காட்டும். இரத்த அழுத்தமுள்ளவர்கள் உப்புக்குரிய குறி சிவப்பாயின், ஆளுக்கு ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நமக்குச் சொல்லவும் கேட்கவும் கடினமானது: தேத்தண்ணீர். நம் கைகள் பறிக்கும் இலை. நம் வீட்டுக்கு விருந்தாளியாய் வருபவருக்கு முதலில் நீட்டும் பானம். ஆயினும் உணவோடு சேர்த்துக் குடித்தால், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் செய்கிறது. கடலை, கீரை போன்றவற்றின் இரும்புக்கு இந்தத் தடை மிகுதி. எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் 'சீ' உயிர்ச்சத்தோ அதே இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. ரொட்டியும் தேத்தண்ணீரும் என்று பல ஆண்டுகள் உண்ட உடலில் இரத்தம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை, சகோதரிகளே. உண்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அதுவரை வெந்நீர் போதும். கரட்டின் சத்து உடலில் சேர எண்ணெய் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால், போத்தற் சாறு வெறும் அலங்காரமன்று என்பது விளங்கும்.

ஆனால் ஒரு தட்டுச் சலாட்டினால் இரத்தக் குறைவு நீங்கிவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசைகளை விடாமல் விழுங்க வேண்டும். குறித்த நாளில் மறுபடியும் இரத்தம் பார்க்க வேண்டும். அந்தக் குளிசைகளையும் தேத்தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவையும் அந்த ஆசிரியைக்கு முன்னரே தனிக் கடிதமாக எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தம்பி கிழங்கு அவித்தாராம்; ஆசிரியை காய்களை அரிந்தாராம்; அன்று அம்மாவை அடுப்பங்கரைக்குள் விடவே இல்லையாம். அம்மா முதலில் முட்டையையும் நெத்தலியையும் மட்டும் பொறுக்கி உண்டிருக்கிறார். பிறகு ரொட்டியைக் கிழித்து, அதில் கிழங்கையும் சலாதிலையையும் வைத்துச் சுருட்டி, இரண்டு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தட்டை முடித்திருக்கிறார். "புளிப்பு பரவாயில்ல, காரந்தான் இல்ல" என்பது அவருடைய தீர்ப்பு. வெற்றுப் போத்தலைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாராம். தேத்தண்ணீருக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னபோது மாத்திரம், சுவர்க் கடிகாரத்தை நான்கு முறை பார்த்தாராம்.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டிலும் தாயாரை ஒரு வேளை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். காரம் குறைவென்று அவர் சொன்னால் அதற்குரிய பச்சை மிளகாயை அருகில் வைத்துவிடுங்கள்.